திரை காட்டிய பூஜ்யம்

நவம்பர் 28, வியாழன்

காரியம் முடிந்தது. வாடகை நாற்காலிகளில் இரண்டு குறைகின்றன என்று கடைக்காரர் சண்டைக்கு வந்தார். மொட்டை மாடியில் கிடந்தன. யாரோ அங்கே போய் உட்கார்ந்து புகைத்திருக்கிறார்கள். சாம்பல் துளசித் தொட்டியில்.

புறப்பட்டுப் போன உறவினர் அனைவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "உங்க தைரியம் யாருக்கு வரும்?" நான் அழவில்லை என்பதை இப்படிக் குறிப்பிடுகிறார்கள். சிலருக்கு அது பாராட்டு, சிலருக்குப் புகார். பொறியியல் கல்லூரியில் வாழ்நாள் முழுவதும் கருவியியல் கற்பித்தவள் நான். கருவியின் முகத்தில் தெரிவதை வைத்து உள்ளே நடப்பதைத் தீர்மானிப்பவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இவர்களுக்கு என்ன செய்வது?

பதிவுக்காகச் செய்திகளை வரிசையாக எழுதி வைக்கிறேன். என் மகன் பூபதி, வயது நாற்பத்தெட்டு. கோவை கணபதியில் பம்புத் தண்டுகள் கடையும் பட்டறை வைத்திருந்தான். இம்மாதம் பதின்மூன்றாம் தேதி காலை, ஓடிக்கொண்டிருந்த கணினிக் கடைசல் எந்திரத்துக்குள் கையை விட்டான். உள்ளே சுழன்ற இரும்புக் கம்பி துணியைப் பற்றியது, துணி கையை, கை அவனை. மருத்துவமனைக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது.

அந்த எந்திரத்தை இயக்கியவள் மயிலாத்தாள். பட்டறையின் மூத்த இயக்குநர்களில் ஒருத்தி. முதலாளி எந்திரத்தின் கதவைத் திறந்து உள்ளே துடைத்துக்கொண்டிருக்கையில் அவள் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிவிட்டாள் என்று காவல் நிலையத்தில் புகார் தரப்பட்டுள்ளது. கொடுத்தவர் என் மருமகள் சுகந்தியின் அண்ணன் கிருபாகரன். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு. மயிலாத்தாளை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள்.

வாசலில் இன்னும் இரண்டு ஜோடிச் செருப்புகள் உரிமையாளர் இன்றிக் கிடக்கின்றன. துக்க வீட்டில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போகும் அளவுக்கு என்ன அவசரமோ.

நவம்பர் 29, வெள்ளி

சிறுவாணித் தண்ணீர் காலையில் வரவில்லை. மோட்டார் போட்டேன்.

பதினோரு மணியளவில் மயிலாத்தாள் வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். சுகந்தி மாடியிலிருந்து பார்த்துவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொண்டாள். நான் மயிலாத்தாளை உள்ளே அழைத்து முன்னறையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, சுவரில் சாய்ந்தாள்.

"அம்மா, நான் பட்டனத் தொடவே இல்லீங்க. எம்புள்ள மேல சத்தியமுங்க."

"சத்தியமெல்லாம் கோர்ட்டுக்கு வெச்சுக்க. எனக்கு நடந்ததை வரிசையாச் சொல்லு."

"கம்பி ஓடிட்டிருந்துச்சுங்க. திடீர்னு கடையற டூலு அப்படியே நின்னு போச்சுங்க. எரர் ஒண்ணும் காட்டலீங்க. அப்பறந்தான் சாரக் கூப்புட்டனுங்க."

"அவன் வந்து என்ன செஞ்சான்?"

"'என்ன மயிலக்கா, உங்க மெசினு இன்னிக்கி ஸ்ட்ரைக்கா'ன்னு சிரிச்சாருங்க."

இது அவன் பேச்சுதான். அவள் கற்பனை செய்திருக்க முடியாது.

"அப்பறம்?"

"திரையில ஸ்பீடு பூஜ்யம்னு இருந்துச்சுங்க. சூடு தணிக்க ஊத்துற கூலண்டுத் தண்ணிய நிறுத்துனாரு. கதவு பட்டன அமுக்குனாரு. அதுபாட்டுக்குத் தொறந்துக்குச்சுங்க. தொடைக்கற பனியன் வேஸ்ட கையில எடுத்துட்டு…"

"போதும்."

"நின்னிட்டிருந்த மெசினுங்கம்மா அது. கண்ணால பாத்தனுங்க. எப்படிங்க சுத்துச்சு? நாந்தான் சுத்த உட்டன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கூட வேல செஞ்சவளுகளே மூஞ்சி குடுக்க மாட்டேங்கறாளுக. இனி எந்தக் கம்பெனியில எனக்கு வேல தருவாங்க? உள்ள போயிட்டா எம்புள்ள எங்கீங்க நிப்பா?"

காப்பி கொடுத்தேன். குடிக்காமல் போனாள்.

அவள் பொய் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பொய் சொல்பவள் "முதலாளியே தவறிப்போய்ப் பொத்தானைத் தட்டிவிட்டார்" என்று சொல்லியிருப்பாள். அதுதான் சுலபம். திரையில் பூஜ்யம் இருந்தது, கருவி தானாக நின்றது, கதவு தானாகத் திறந்தது என்று, தனக்கே விளங்காத மூன்று செய்திகளை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள். அம்மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன என்பது அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிகிறது. தெரியாதிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று எழுதமாட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

இஸ்திரிக்காரர் பூபதியின் சட்டைகளைக் கொண்டுவந்தார். எப்போது போட்டதோ. வாங்கி அவன் அலமாரியில் வைத்தேன். வேறெங்கே வைப்பது?

டிசம்பர் 2, திங்கள்

கிருபாகரன் வந்தான். துக்கம் கேட்க வருபவனைப் போலில்லை. ஊர்ப் பஞ்சாயத்துக்கு வருபவனைப் போல வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தான்.

"அத்தை, அந்தப் பொம்பளைய வீட்டுக்குள்ள விட்டீங்களாமே?"

"காப்பியும் கொடுத்தேன்."

"கேஸ் நடந்துட்டிருக்குதுங்க. நாளைக்கி அவ வக்கீலு, 'அவங்க அம்மாவே கூப்புட்டுப் பேசினாங்க'ன்னு சொல்லுவான்."

"சொல்லட்டும். பேசினதுதானே?"

"மச்சானச் சாகடிச்சுப்போட்டு அவ ஊருக்குள்ள நடமாடறதா?"

"கிருபா, அவ பட்டனை அமுக்கினதை நீ பாத்தியா?"

"பாக்கோணுமா? நின்ன மெசினு தானா சுத்துமா?"

"நிக்காத மெசின் சுத்தும்."

அவனுக்குப் புரியவில்லை. புரிய வேண்டும் என்று நான் சொல்லவுமில்லை. போகும்போது தங்கையிடம், "உங்க மாமியாருக்கு மனசு சரியில்ல, பாத்துக்க" என்று என் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனான். எழுபத்தாறு வயதில் ஒருத்தி தெளிவாகப் பேசினால் இவர்களுக்கு உடனே மருத்துவரின் நினைவு வந்துவிடுகிறது.

சுகந்தி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தயிர்சாதம் பிசைந்து மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். தட்டு காலியாக வந்தது. காக்கைக்குப் போட்டாளா, தின்றாளா என்று விசாரிக்கவில்லை.

டிசம்பர் 4, புதன்

தொழிற்சாலை ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். வழுக்கை, கண்ணாடி, கையில் கோப்பு. செருப்பைக் கழற்றியபடியே, "மேடம், என்னைத் தெரியுதுங்களா? லோகேஸ்வரன். உங்க ஸ்டூடண்ட்" என்றார்.

தெரிந்தது. உணரிகள், அதாவது சென்சார்கள் பாடத்தில் இரண்டாம் முறைதான் தேறினான்.

"உட்காருங்க."

"நீன்னே சொல்லுங்க மேடம். பயமா இருக்குது."

எந்திரத்துக்குச் சீல் வைத்திருப்பதாகச் சொன்னான். தயாரித்த கம்பெனியிலிருந்து ஆள் வர மாதக் கடைசியாகிவிடும்; அதற்குள் காவல்துறைக்கு அறிக்கை வேண்டும்; இயக்கியவரின் கவனக்குறைவு என்று முடித்துவிடலாமென்று மேலிடத்தில் நினைக்கிறார்கள்.

"அந்தக் கதவை எது பூட்டுது, லோகேஸ்வரன்?"

"லாக் ஸ்விட்ச் மேடம். ஸ்பிண்டில் நின்னாத்தான் திறக்கும்."

"நின்னுதுன்னு அதுக்கு யார் சொல்றது?"

நெற்றியைத் தேய்த்தான். தேர்வு அறையிலும் இப்படித்தான் தேய்ப்பான். "என்கோடர்?"

"என்னைக் கேக்காதே. நீ சொல்லு."

சொன்னான், இம்முறை பிழையில்லை. எந்திரத்தில் கம்பியைப் பிடித்துச் சுழற்றும் தண்டுதான் ஸ்பிண்டில். அதற்குப் பின்புறம், பல்வைத்த ரப்பர் பட்டை ஒன்றால் இணைக்கப்பட்டு என்கோடர் என்னும் சிறு கருவி சுழல்கிறது. அதற்குள் ஒரு கண்ணாடித் தட்டு; விளிம்பில் நுண்கோடுகள்; ஒருபுறம் விளக்கு, மறுபுறம் கண். கோடுகள் ஒளியை வெட்டுவதை எண்ணி வேகத்தைச் சொல்கிறது. அவற்றுக்கு உட்புறம் தனியாக ஒரே ஒரு கோடு உண்டு. சுற்றுக்கு ஒரு முறை மட்டும் வரும். தண்டு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை அதை வைத்துத்தான் எந்திரம் அறிகிறது.

"அந்தப் பட்டை கெட்டுப்போனா என்ன ஆகும்?"

"என்கோடர் நின்னுடும். தண்டு சுத்தும்." அவன் முகம் மாறியது. "திரையில பூஜ்யம் வரும். ஒரு சுத்துக்கு இவ்வளவு நகரணும்ங்கற கணக்குல போற டூல், சுத்தே வரலைன்னு காத்துக்கிட்டு நின்னுடும்… மேடம், அந்தம்மா ஸ்டேட்மெண்ட்ல இதைத்தான் சொல்லியிருக்காங்க."

"அப்ப போய்ப் பின்கதவைத் திறந்து பாரு."

"நீங்களும் வாங்க மேடம்." பிறகு, நான் யார் என்பது நினைவுக்கு வந்து, "வேண்டாம், நானே…" என்று இழுத்தான்.

வருகிறேன் என்று சொன்னேன். இரண்டாம் முறை தேறியவனை நம்பி இதை விட முடியாது.

டிசம்பர் 6, வெள்ளி

பட்டறைக்குப் போனோம். கிருபாகரனும் வந்தான். மயிலாத்தாளையும் வரவழைத்திருந்தார்கள், வாசற்கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

நான் இங்கே கடைசியாக வந்தது ஆயுத பூஜையன்று. எல்லா எந்திரங்களுக்கும் சந்தனமும் குங்குமமும். கம்பியைப் பிடிக்கும் முகப்புகளிலெல்லாம் பெரிய பெரிய பொட்டு. மயிலாத்தாள் தன் எந்திரத்துக்குத் தினமுமே வைப்பாள் என்றார்கள். "இது பட்டறையா, அம்மன் கோயிலா?" என்று எல்லார் முன்னிலும் கேட்டேன். பூபதி காது சிவக்கச் சிரித்தான். இப்போது ஒன்றிலும் பொட்டு இல்லை. சுத்தமாக இருக்கிறது.

எந்திரத்தை நானே தொடவில்லை. லோகேஸ்வரன் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அன்று கடைந்த அதே அளவில் பளபளப்பான, மேலே அடையாளம் எதுவுமில்லாத உருண்டைக் கம்பி ஒன்றைப் பூட்டி, கதவைச் சாத்தி, தண்டைச் சுழலவிடச் சொன்னேன். மோட்டாரின் முனகல் கேட்டது. "அன்னைக்கு இவ்வளவு அமைதியா இருந்திருக்காது. எல்லா மெசினையும் ஓட்டச் சொல்லு. கம்ப்ரசரையும்." ஓட்டினார்கள். முனகல் மறைந்தது.

"கிருபா, இங்க வா. கண்ணாடி வழியாப் பாரு. கம்பி சுத்துதா, நிக்குதா?"

மூக்கு கண்ணாடியில் படும்படி குனிந்து பார்த்தான். "நிக்குதுங்க."

"திரையில?"

"பூஜ்யம்."

கதவுப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். மயிலாத்தாள் சொன்னதுபோலவே அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது. நீண்ட மூங்கில் குச்சியின் நுனியில் ஒரு செய்தித்தாளைச் செருகி, தள்ளி நின்று நீட்டச் சொன்னேன். கம்பி தாளை வாங்கிக்கொண்டது. கிழிக்கவில்லை, வாங்கிச் சுருட்டிக்கொண்டது. கண் சிமிட்டும் நேரம்.

கிருபாகரன் இரண்டடி பின்வாங்கினான். வாசற்கதவோரம் மயிலாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனை தெளிவாக அமைந்தது.

பின்கதவைத் திறந்தார்கள். மேற்சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. எண்ணெயில் ஊறிப் பற்கள் உதிர்ந்த பட்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. கீழே என்கோடர், நின்றுபோன தன் தட்டை வைத்துக்கொண்டு, கேட்டவர்க்கெல்லாம் பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. தன்னைப் பொறுத்தவரை அது உண்மையைத்தான் சொன்னது.

புதுப் பட்டை பூபதியின் மேசை இழுப்பறையில் இருந்தது. உறை பிரிக்கவில்லை. பொங்கல் விடுமுறைக்கு எந்திரத்தை நிறுத்தும்போது மாற்றுவதாக இருந்தானாம்.

அத்துடன் முடிந்திருந்தால் ஒரு பட்டையின் தவறு என்று எழுதி வீட்டுக்கு வந்திருப்போம். ஆனால் லோகேஸ்வரன், தேர்வில் காட்டாத கவனத்தை இங்கே காட்டினான்.

"மேடம், என்கோடர் ஒண்ணு சொன்னதுக்கே கதவு திறக்காதே. மோட்டாரும் தனியா 'நான் நின்னுட்டேன்'னு சொல்லணும். ரெண்டு பேரும் சொன்னாத்தானே பூட்டு விடும்?"

"ஆமாம். மின்பெட்டியைத் திற."

திறந்தான். மோட்டார் தரப்பிலிருந்து வரவேண்டிய சாட்சியின் இடத்தில், இரண்டு முனைகளை இணைத்து ஒரு சிவப்பு மின்கம்பி. மோட்டார் சுழன்றாலும் நின்றாலும், நின்றுவிட்டதாகவே அது எந்நேரமும் சொல்லிக்கொண்டிருக்கும். இரு சாட்சிகளில் ஒன்றின் வாயைக் கட்டி, தலையை மட்டும் ஆட்ட வைத்திருந்தார்கள்.

கிருபாகரனுக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. "சர்வீஸ்காரன் வேலையா இருக்கும்! இல்லாட்டி அந்த எலக்ட்ரீசியன். அவன உடக்கூடாது!"

லோகேஸ்வரன் என்னிடம் திரும்பினான். "இது யாரு பண்ணினதுன்னு தெரியலையே மேடம்."

அந்தக் கம்பி அழகாகப் போடப்பட்டிருந்தது. முனைகள் திருகாணியைச் சுற்றி வலப்பக்கமாக வளைக்கப்பட்டிருந்தன. முடுக்கும்போது இறுகுமே தவிர நழுவாது. மற்றக் கம்பிகளோடு சேர்த்து மெழுகுநூலால் கட்டியிருந்தது. இரட்டை மடிப்பு, நடுவில் ஒரு குறுக்குச் சுற்று. இக்காலத்தில் எல்லாரும் பிளாஸ்டிக் பட்டியை இழுத்துவிட்டு வெட்டிவிடுகிறார்கள். அந்த முடிச்சை இந்த ஊரில் இருவர் மட்டுமே போடுவோம். ஒருவர் ஆறாம் வகுப்பில், சாப்பாட்டு மேசையில், பழைய ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார்.

"என் மகன் செஞ்சது," என்றேன்.

"அத்தை!" என்றான் கிருபாகரன்.

"எழுதிக்க, லோகேஸ்வரன். நான் கையெழுத்துப் போடறேன்."

திரும்பும் வழியில் கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 7, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறு எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 9, திங்கள்

சுகந்தி கீழே இறங்கி வந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லாத அவள் முகம் எனக்கு இன்னும் பழகவில்லை. பொட்டு வைத்துக்கொள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன், கேட்பதில்லை.

"அவருதான் செஞ்சாருன்னு நீங்க எதுக்கு அத்தை சொன்னீங்க?"

"அவன்தான் செஞ்சான்."

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே? கம்பியில பேரா எழுதியிருந்துது?"

"எனக்குப் படிக்கத் தெரிஞ்ச மாதிரிதான் எழுதியிருந்துது."

"அந்த சிக்னல் தர்ற மோட்டார் போர்டு ஆடி மாசமே போயிருச்சு. புதுசு வர ரெண்டு மாசம் ஆகும்னாங்க, அதுவும் தள்ளித் தள்ளிப் போச்சு. ஆர்டர் தலைக்கு மேல நின்னுது. வரவரைக்கும்னுதான் அப்படி வெச்சாரு. எங்கிட்டச் சொன்னாரு. ஊர்ல யாரு செய்யல அத்தை? ஒவ்வொரு பட்டறையிலயும் போய்ப் பாருங்க!"

"பாத்திருக்கேன்."

"இப்பப் பேப்பர்ல என்னன்னு வரும்? அவரு தப்பால அவரே செத்தாருன்னு. பெத்தவங்க கையெழுத்தோட."

"அவனை இனிமே யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க சுகந்தி. மயிலாத்தாளைப் போடுவாங்க."

"யாரோ ஒருத்திக்காக?"

"யாரோ ஒருத்திதான். செய்யாதவ."

சுகந்தி என்னை நெடுநேரம் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா அத்தை? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. அவரு உங்க வயித்துலதானே பொறந்தாரு?"

இதற்கு விடை இருக்கிறது. ஆனால் சொல்வதற்குள் அவள் மாடிக்குப் போய்விட்டாள். மாலையில் கிருபாகரன் காரோடு வந்து அவளை ஈரோட்டுக்கு அழைத்துப் போனான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் மருந்துப் பெட்டியை மறந்துவிட்டுப் போகிறாள் என்று தெரிந்து, ஓடிப்போய்க் கார் சன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

பிற்பாடுதான் கவனித்தேன், நான் ஓடியிருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

டாக்டரிடம் போனேன். இரத்த அழுத்தம், நாடி, சர்க்கரை எல்லாம் பார்த்தார். "எல்லாம் நார்மல்ங்கம்மா. இந்த நேரத்துல இப்படி இருக்கறது பெரிய விஷயம்" என்றார்.

கருவி அப்படித்தான் சொல்கிறது என்றேன். சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

டிசம்பர் 18, புதன்

லோகேஸ்வரன் அறிக்கையை அனுப்பிவிட்டான். மயிலாத்தாள் மீது குற்றம் இல்லை என்றே காவல்துறையும் முடிக்கப்போகிறதாம். சீலை எடுத்துவிட்டார்கள். புதுப் பட்டை போட்டாயிற்று. மோட்டார் போர்டும் வந்துவிட்டது, எல்லாம் முடிந்த பிறகு. சிவப்புக் கம்பியைக் கழற்றியவர்கள் அதை என்ன செய்வது என்று கேட்டார்கள். எனக்குத் தேவையில்லை என்றேன். இப்போது என் மேசையில் இருக்கிறது.

பட்டறையை மூடுவதற்கில்லை. இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார்; நான் வாரம் இருமுறை போய் வருவதாக ஏற்பாடு.

மயிலாத்தாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதே எந்திரத்தில்தான். வேறு ஒன்றைத் தருகிறோம் என்றபோது, "வேண்டாமுங்க, அது பாவமுங்க" என்றாளாம். எந்திரத்தைச் சொல்கிறாள்.

இன்று மதியம் அவளிடம் ஒன்று கேட்டேன்.

"தினமும் குங்குமம் வைப்பியே, எங்க வைப்ப?"

"கம்பி புடிக்கிற மூக்கு மேலீங்க. ஓரமா."

"மெசின் சுத்தும்போது அந்தப் பொட்டு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் ஆரு பாத்தாங்க? சாமிக்கு வெச்சதுதானுங்களே."

"எப்ப நிறுத்தின?"

தரையைப் பார்த்தாள். "பூசைக்கு அடுத்த வாரமுங்க. சாருதான் வேண்டாம்னுட்டாருங்க. எல்லா மெசினையும் தொடச்சுரச் சொன்னாரு."

"ஏன்னு சொன்னானா?"

"இல்லீங்கம்மா."

ஆயுத பூஜையன்று நான் அம்மன் கோயிலா என்று கேட்டபோது அவள் எனக்கு எதிரில்தான் நின்றிருந்தாள், சந்தனக் கிண்ணத்தோடு.

பிறகு வேறு பேச்சுப் பேசினோம்.

டிசம்பர் 20, வெள்ளி

ஓர் உருண்டை முகப்பின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால், அது நிற்கையில் புள்ளியாகத் தெரியும். சுழல்கையில் வட்டமாகத் தெரியும். கணக்குப் போட்டு அறிய வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். மின்சாரம் வேண்டாம், பட்டை வேண்டாம், சாட்சி வேண்டாம். என்கோடர் தட்டிலுள்ள அந்தத் தனிக் கோட்டைப் பற்றி எத்தனையோ வகுப்புகள் எடுத்திருக்கிறேன்.

குங்குமம் நிற்காது. சுகந்தியின் கண்ணாடி மேசையில் நகப்பூச்சுப் புட்டி ஒன்று இருக்கிறது. நல்ல சிவப்பு. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அசையாது. எடுத்து வைத்திருக்கிறேன். நாளை எல்லா எந்திரங்களுக்கும் நானே வைக்கப்போகிறேன்.

டிசம்பர் 27, வெள்ளி

சுகந்தி காலையில் பேருந்தில் வந்தாள், தனியாக. துணிகள் கொஞ்சம் எடுத்துப்போக வந்தேன் என்றாள். மாடியில் ஏதோ தேடும் ஓசை கேட்டது. சற்று நேரத்தில் படிக்கட்டில் நின்று, "என் நெயில் பாலிஷ் எங்க அத்தை?" என்றாள்.

"பட்டறையில."

"பட்டறையிலயா? எதுக்கு?"

சொல்லி விளங்கவைக்கும் காரியமல்ல. "வா, காட்டறேன்" என்றேன். வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தாள். அவன் போன பிறகு அங்கே அவள் நுழைவது இதுவே முதல்முறை. எந்திரங்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்து, பிறகு குனிந்துகொண்டார்கள்.

மயிலாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "ஓட்டு" என்றேன்.

தண்டு சுழன்றது. முகப்பின் ஓரத்தில் சிவப்பு வட்டம், மெல்லியதாக, முழுதாக. "நிறுத்து." வட்டம் நடுங்கிற்று, உடைந்தது, புள்ளியாகி நின்றது. சுகந்தி கண்ணாடிக்கு அருகில் போனாள்.

"இன்னொரு தடவ," என்றாள். மயிலாத்தாள் ஓட்டினாள். நிறுத்தினாள். "இன்னொரு தடவ." எத்தனை முறை பார்த்தாள் என்று நான் எண்ணவில்லை. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள்: "அன்னிக்கு இது இருந்திருந்தா?"

"தெரிஞ்சிருக்கும்."

"முன்னெல்லாம் குங்குமம் வெப்பாங்களே. ஆயுத பூஜையன்னிக்கு சாயங்காலம் நான் வந்தப்பகூடப் பாத்தேனே, இதே எடத்துல. அது எங்க போச்சு?"

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடாதிருந்தாலும் நான் உடனே பேசியிருப்பேனா என்று சொல்ல முடியாது.

மயிலாத்தாள் பனியன் வேஸ்டால் எந்திரத்தின் விளிம்பைத் துடைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடம். என் பக்கம் பார்க்கவேயில்லை.

"கூலண்டுல கரஞ்சு போச்சுங்கம்மா," என்றாள் சுகந்தியிடம். "குங்குமம் எங்கீங்க நிக்குது?"

சுகந்தி தலையாட்டினாள். மயிலாத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மயிலாத்தாளும் அழுதாள். நான் நகப்பூச்சுப் புட்டியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். சரியாக மூடாவிட்டால் காய்ந்துவிடும்.

குங்குமம் கூலண்டில் கரையக்கூடியதே. ஆகவே அவள் சொன்னதைப் பிழை என்று சொல்வதற்கில்லை. நான் திருத்தவில்லை.

சுகந்தி இன்று ஈரோடு திரும்பவில்லை. நாளை போகிறேன் என்றாள். அதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அவளுக்கும் எனக்குமாக உலை வைத்தேன். அரிசியை அளந்துதான் போட்டேன். மூன்று பேருக்கு ஆகிவிட்டது.